வாசல் தெரியாத வீரர்கள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கம்பனும் அன்று, வள்ளுவனும் அன்று. நம் பிள்ளைகள் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடுகின்ற வீடியோ விளையாட்டுகளில் வரும் வீரர்களைப் பற்றியே பேசப்போகிறோம். பெரியவர்கள் எழுந்துவிட வேண்டாம். விருந்து இவ்வுரைக்குப் பின்னர்தான்.

சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆயினும், மாலை வேளையில் இரண்டு ஊர்களிலும் நம் குடியிருப்புகளில் எழும் கூக்குரல் மட்டும் ஒன்றே. "ஒரே, இட்டு ரா ரா!" என்று பையன் கத்துவான். யாரை அழைக்கிறான் என எட்டிப் பார்த்தால், திரையில் ஒரு மாவீரன்! நூறு பேரை வீழ்த்திய அவன், திறந்த கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பான். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள். நம் பாட்டிமார் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டே அவற்றை ஏறிவிடுகின்றனர். இவ்வீரனோ முழங்கால் உயர மேடையைக் கண்டு மலைத்து நிற்கிறான்.

இக்குறை நேற்று முளைத்ததன்று. 1983-ல் வெளிவந்த 'ஸ்பெலங்கர்' விளையாட்டின் நாயகன் குகையை ஆராயப் புறப்பட்டவன். தன் உயரத்தினும் குறைந்த பள்ளத்தில் விழுந்தாலே அவன் உயிர் போய்விடும்! 1991-ல் ஸ்காட்லாந்து நாட்டு டண்டீ நகரத்தார் உருவாக்கிய 'லெம்மிங்ஸ்' விளையாட்டிலோ, முன்னவன் பாறை விளிம்பிலிருந்து விழுந்தால் பின்னவனும் விழுவான். அவர்களைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே ஒருவனை நாம் நியமிக்க வேண்டும். 2000-ல் வந்த 'தி சிம்ஸ்' விளையாட்டில், நீச்சல் குளத்தின் ஏணியை எடுத்துவிட்டால், கரையைப் பற்றி ஏறத் தெரியாமல் நீந்தி நீந்தியே மாண்டுபோவார்கள். 2002-ல் வந்த 'வைஸ் சிட்டி'யின் நாயகனுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஹெலிகாப்டரும் ஓட்டத் தெரியும். கடல் சூழ்ந்த நகரில் வாழ்ந்தும் நீச்சல் மட்டும் தெரியாது. 2004-ல் வந்த அடுத்த பாகத்தின் நாயகனுக்குத்தான் அந்த வித்தை கைவந்தது.

இவ்வளவு வல்லமை உடையவர்க்கு இச்சிறு காரியங்கள் கைகூடாமைக்குக் காரணம் யாது? "கதவு வழியே வா" என்பது நமக்கு ஒரு வாக்கியம். கணிப்பொறிக்கோ, கதவு எங்கே, சுவர் எங்கே, எவ்வழி குறுகியது, குறுக்கே ஒருவன் வந்தால் எப்படி விலகுவது என ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லவேண்டும். 1968-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஹார்ட், நில்சன், ரஃபேல் என்னும் மூவர், சக்கரத்தில் ஓடும் 'ஷேக்கி' என்ற இயந்திர மனிதனுக்காக வழி காணும் முறையொன்றை வகுத்தனர். 'ஏ ஸ்டார்' எனப்படும் அம்முறையும் அதன் வழிவந்தவையுமே பல விளையாட்டுகளில் இன்றும் வீரர்களை நடத்துகின்றன. ஆக்கியோன் ஒரு படியைச் சொல்ல மறந்தால், வீரன் அப்படியிலேயே நிற்பான்.

1997-ல் 'டீப் ப்ளூ' என்னும் கணிப்பொறி, சதுரங்க உலக வீரர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. ஆனால் அதன் சார்பில் காயை எடுத்து வைக்க ஒரு மனிதர் உட்கார வேண்டியிருந்தது! பெரிய கணக்கு இயந்திரத்திற்கு எளிது. கைக்குழந்தை செய்யும் காரியமே அதற்கு அரிது என்று ஹான்ஸ் மொராவெக் என்னும் அறிஞர் 1988-லேயே எழுதினார். நாம் எளிது என எண்ணுவனவெல்லாம், கற்றுக்கொண்ட காலத்தை நாம் மறந்துபோனவையே அன்றி வேறல்ல.

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் தம்மை எண்ணிப் பார்த்தனர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால், ஒருவனை ஆறு கொண்டுபோயிற்றென்று அழுதனர். அக்கதையைக் கேட்டு நகைக்கும் நாமும் நம்மை எண்ணிப் பார்த்தல் நலம்.

விடுமுறைக்குச் சித்தூரிலிருந்து ரயிலேறி, காட்பாடியில் இறங்குகின்ற நம் குழந்தைகளைப் பாருங்கள். தெலுங்குப் பலகையைத் தயங்காமல் படிப்பார்கள். ஆங்கிலத்தில் கடகடவென்று பேசுவார்கள். வீட்டில் பேசுவதும் தமிழ்தான். ஆனால் 'காட்பாடி' என்னும் தமிழ் எழுத்துகளின் முன்னே, அந்த வீரன் சுவரின்முன் நிற்பது போலவே நிற்கிறார்கள். மாமன் பிள்ளைகள் நகைக்கிறார்கள். தாத்தா எழுதிய கடிதத்தைத் தாய் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. "இதுகூடத் தெரியாதா?" என்று கடிந்துகொள்ளும் நாம், என்றைக்கு உட்கார்ந்து கற்றுக்கொடுத்தோம்?

திரை வீரனுக்கும் நம் பிள்ளைக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. அவனுக்கு ஒவ்வொரு கதவையும் காட்டவேண்டும். நம் பிள்ளைக்கோ முதற்கதவைக் காட்டினால் போதும். மற்றவற்றைத் தானே திறந்துகொள்வான். 247 எழுத்துகளில் உயிர் பன்னிரண்டையும் மெய் பதினெட்டையும் ஆய்தத்தையும் செம்மையாகக் கற்றால், எஞ்சிய 216 உயிர்மெய்யும் சேர்ந்து வருவனவே.

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், பிள்ளையின் பக்கத்தில் பலகையோடு உட்காருங்கள். அந்நேரம் திரை வீரன் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கட்டும், அவனுக்கு வலிக்காது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!