கொத்துத் தலைவிக்கு நியமனக் கடிதம் கிடையாது



மதுரை விளாங்குடியில் இன்று பட்டமளிப்பு அங்கி போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நான்கைந்து ஆண்டுகளில் டீம் லீடராகவோ, வங்கிக் கிளை மேலாளராகவோ, ஷிப்ட் சூப்பர்வைசராகவோ ஆகிவிடுவார்கள். பெயர் எதுவானாலும் தர்மசங்கடம் ஒன்றுதான். நேற்றுவரை டீக்கடையில் "மாப்ள" என்று தோளில் கைபோட்டவர் இன்று லீவு கேட்டு முன்னால் நிற்பார். அதற்குப் பட்டப்படிப்பில் பாடம் கிடையாது.

ஹார்வர்டு பேராசிரியர் லிண்டா ஹில், முதன்முறையாக மேலாளரான 19 பேரை ஓராண்டு கவனித்து, 1992-ல் ஒரு நூல் வெளியிட்டார். விற்பனையில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்துப் பதவிக்கு வந்தவர்கள் அவர்கள். நாற்காலி கிடைத்தால் அதிகாரம் தானாக வரும் என்று நம்பினார்கள். வரவில்லை. கீழே இருப்பவர் ஒத்துழைக்காவிட்டால் ஒன்றும் நகராது என்பது முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. போதாததற்கு, தானே விற்று ஜெயித்தவருக்கு அடுத்தவர் தடுமாறி விற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பெரும் அவஸ்தை.

ஹார்வர்டு பக்கமே போகாமல் இதையெல்லாம் தாண்டியவர் மதுரைப் பக்கத்துப் பில்லுசேரி சின்னப்பிள்ளை. 2001 ஜனவரியில் டெல்லியில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது மதுரைக்காரர்களுக்கு மறக்காது. 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. கவனிக்க வேண்டியது அதற்கெல்லாம் முந்தைய காலம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த விவசாயக் கூலி, வயல் வேலைக்குப் போகும் பெண்களின் கொத்துக்குத் தலைவியாக இருந்தார். நிலக்காரரிடம் கூலி பேச வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், வந்ததைப் பங்கிட வேண்டும். தானும் அதே வயலில் குனிய வேண்டும்.

அந்த வேலையின் நெருக்கடியைக் கொஞ்சம் யோசிக்கலாம். கூலியை ஏற்றிப் பேசினால் நிலக்காரர் அடுத்த முறை வேறு கொத்தைக் கூப்பிடுவார். இறக்கிப் பேசினால் மறுநாள் ஆள் வராது. ஒருத்திக்கு இடுப்பு வலி, இன்னொருத்திக்குக் கைப்பிள்ளை. அவர்கள் வேலை பின்தங்கினால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். நியமனக் கடிதம் இல்லை. ஆளை நீக்கும் அதிகாரம் பெயருக்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியை எப்படி நீக்குவது? சாயந்தரம் ஒரே குழாயடியில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்! ஓரவஞ்சனை பார்க்கமாட்டாள் என்ற பெயர் ஒன்றுதான் அப்படிப்பட்ட தலைவிக்குக் கையிருப்பு. 1990-ல் தொடங்கிய களஞ்சியம் சேமிப்புக் குழுக்களில் பெண்கள் தங்கள் காசை நம்பிக் கொடுத்து, சின்னப்பிள்ளையைத் தலைமைக்குக் கொண்டுவந்ததில் ஆச்சரியம் என்ன?

இத்தனை நெருக்கடி எதற்கு, மேலாளரே இல்லாமல் சமாளிக்கலாமே என்று 2002 வாக்கில் கூகுள் நிறுவனம் பொறியியல் பிரிவில் முயன்று பார்த்தது. செலவுக் கணக்கு முதல் ஆளுக்காள் மனஸ்தாபம் வரை எல்லாம் நிறுவனர் லாரி பேஜ் மேசைக்கே வந்து சேர்ந்தன. சில மாதங்களில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். பஞ்சாயத்து பண்ண ஒருவர் வேண்டியிருக்கிறது.

லிண்டா ஹில் கண்ட அந்த அவஸ்தைக்கு மருந்து, வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கலை. அதற்கு உதாரணம் மதுரையிலேயே உண்டு. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 58. முடக்குவாதத்தால் வளைந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தவர். அப்படிப்பட்ட கைக்கு, எல்லாவற்றையும் தானே செய்துவிடத் தோன்றும். அங்கே உருவானதோ வேறு முறை. கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனை முதல் நோயாளியைத் தயார்செய்வது வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். தன்னளவு வேகமில்லாதவரிடம் வேலையை விட்டு, அவர் தேறும்வரை பொறுத்திருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. புதிதாக மேலாளரானவரிடம் பெரும்பாலும் இல்லாததும் அதுவே.

அரவிந்தில் பயிற்சி பெற்ற அந்தப் பெண்களில் அனுபவம் கூடியவர்கள் இப்போது அடுத்து வருகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், மேற்பார்வை செய்கிறார்கள். விளாங்குடியிலிருந்து, அந்த மருத்துவமனை இருக்கும் அண்ணா நகர் ஒன்றும் தூரமில்லை. பதவி உயர்வு உத்தரவு கைக்கு வரும் வாரம், மேலாண்மை நூல் வாங்கக் கிளம்புமுன், அவர்களில் ஒருவரிடம் போய்க் கேட்கலாம்: பொறுப்பேற்ற புதிதில் உங்கள் பேச்சைக் கேட்காமல் போனது யார், அவரை என்ன செய்தீர்கள் என்று.