நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை
(தோட்ட மாதர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் மாணவி ஒருத்தி வீட்டுப் பாடம் எழுதாமல் வந்தாள். காரணம் வினவினேன். "ராத்திரி அம்மாவும் நாங்களும் பக்கத்து வீட்டிலே படுத்தோம் சார்" என்றாள். கணவன் மனைவி சண்டை, நமக்கேன் என்று இருந்துவிட்டேன். 1994 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அப்போதே நடப்பில் இருந்தது. அறியாதிருந்தவன் நான்தான்.

தோட்டங்களில் நான் சந்திக்கும் தாய்மார்கள் இரு தயக்கங்களைக் கூறுகின்றனர். "எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. கோர்ட்டில் எடுபடுமா?" என்பது ஒன்று. எடுபடும், அம்மா. திருமணப் பதிவு மிக அவசியம், அதனைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயினும் சமய முறைப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால், பதிவில்லாவிடினும் இச்சட்டம் உங்களை மனைவியாகவே கொள்கிறது.

மற்றது வீடு. "லயத்து வீடு அவர் பெயரில் உள்ளது, வாய் திறந்தால் பிள்ளைகளோடு எங்கே போவேன்?" நியாயமான அச்சமே. ஆனால் வீடு யார் பெயரில் இருப்பினும், நீங்கள் அதில் குடியிருக்க, அடித்தவரை வெளியேயிருக்கச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு.

முதலில் போலீசில் புகார் செய்யுங்கள். காயமிருந்தால் அரசாங்க மருத்துவமனையில் காட்டுங்கள். விசாரணை நடக்கும்போதே மாஜிஸ்திரேட் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். வழக்குத் தொடுக்கப்பட்டபின் பன்னிரண்டு மாதம் வரையிலான ஆணை பெறலாம். அதனை நீட்டிக்கவும் இயலும். ஆணை பிறந்ததனாலேயே கணவர் சிறைக்குச் செல்வதில்லை. அதனை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். மீறி மீண்டும் கை நீட்டினால் தண்டனை இன்னும் கடுமையாகும்.

இரவில், விடுமுறை நாளில் நீதிமன்றம் ஏது என்பீர்கள். 2018 ஜனவரி முதல், சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். போலீஸ் புகார்கூட வேண்டியதில்லை. விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்திற்குள் அது கிடைக்க வேண்டும். ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாளை வீணாக்காமல் நீதிமன்ற ஆணைக்கு முயலுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

புறப்படும்போது அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க முடியாமற்போனால் உயிரைப் பணயம் வைத்துத் திரும்பாதீர்கள். அதிகாரி ஒருவர் துணையுடன் சென்று உங்கள் உடைமைகளை எடுத்துவரவும் நீதிமன்றம் ஆணையிடலாம்.