புதிய பருவமும் முதற் கட்டுரையும்



விடுமுறை முடிந்தது; புதிய பருவம் தொடங்குகிறது. கட்டுரை ஏடும் புதிதாக வாங்கியிருப்பீர்கள். அதன் முதற் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எதை எழுதுவது?" என்று திகைக்காத மாணவர் இலர். அந்தத் திகைப்பைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். கட்டுரைப் பயிற்சி வகுப்பைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். அவ்வகுப்பில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சமவெளியில் ஒரு கல்லூரியில் நான் பணியாற்றிய காலம். சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள மாரமங்கலத்திலிருந்து ஒரு மாணவி என் வகுப்பில் சேர்ந்தாள். பருவத்தின் முதற் கட்டுரைக்கு "மழையின் பயன்" என்று தலைப்புக் கொடுத்தேன். மற்ற மாணவர்கள் உழவு, குளம், குடிநீர் என்று ஒரே வரிசையில் எழுதி, முன்னுரையும் முடிவுரையும் ஒழுங்காக அமைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் எழுதியது வேறு. பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்ய வேண்டும்; பெய்த பத்து நாளுக்குள் காப்பிச் செடிகள் பூக்கும்; பூ சில நாட்களே நிற்கும்; அதன் பிறகும் மழை வேண்டும், வராவிட்டால் பிஞ்சு நிலைக்காது; பிஞ்சு நிலைக்காவிட்டால் மார்கழியில் பழம் பறிக்கும் வேலை குறையும், அம்மாவின் கூலியும் குறையும்; பழத்தைக் களத்தில் உலர்த்தும்போது வரும் மழையோ கேடே செய்யும். இவ்வளவுதான் அவள் கட்டுரை. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை.

நான் சிவப்பு மையால், "தலைப்பை விட்டு விலகியது, கட்டுரை முறை அறியாதது" என்று எழிதிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். அடுத்த கட்டுரையிலிருந்து மற்றவர்களைப் போலவே எழுதத் தொடங்கினாள். நானும் மகிழ்ந்து நல்ல மதிப்பெண் வழங்கினேன்!

சில ஆண்டுகள் கழித்து, ஒரு சித்திரை மாதத்தில் அந்த மலைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் இருபதைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து மாரமங்கலம் சென்றேன். வழியெல்லாம் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. மல்லிகையை நினைவூட்டும் மணம். "எவ்வளவு அழகு!" என்றேன். அருகில் நின்ற முதியவர் வானத்தையே பார்த்துக்கொண்டு, "இன்னொரு மழை வரணுங்க, இல்லேன்னா பிஞ்சு நிக்காதுங்க" என்றார். அந்த மாணவியின் கட்டுரை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. தலைப்பை விட்டு விலகியவள் அவள் அல்லள். மழையின் பயனை அறியாமல் மதிப்பெண் இட்டவன் நான்.

அம்மலையைப் பற்றி எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பதை நூல்கள் கூறுகின்றன. 1909இல் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில், அம்மலைவாழ் மக்களாகிய மலையாளிகளைப் பற்றிய செய்திகள் உள்ளன. மலையாளி என்றால் கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். மலையில் வாழ்பவர் என்பதே இங்குப் பொருள். அவர்கள் பேச்சு தமிழே. காஞ்சியிலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்களுடைய மரபுக் கதை. இந்நூல்களெல்லாம் பயன்படுவனவே. ஆயினும் அவை வந்து பார்த்தவர்கள் எழுதியவை. பழம் பறிக்கும் தாயின் மகள் எழுதக்கூடிய ஒரு பக்கம் அவற்றில் இல்லை. அந்தப் பக்கம் என் கைக்கு வந்தது. நான் அதைத் திருத்திவிட்டேன்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சங்க நூல்களைத் தேடிப் பதிப்பித்த பெரும்புலவர். அவர் தம் முதுமையில், 1940இல், ஆனந்த விகடனில் "என் சரித்திரம்" எழுதத் தொடங்கினார். அதன் முதல் அத்தியாயத்தின் தலைப்பு என்ன தெரியுமா? "எங்கள் ஊர்" என்பதுதான்! பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் அதே தலைப்பு. அத்தனை நூல்களைக் கற்ற அப்பெரியார், தம் கதையைத் தம் ஊராகிய உத்தமதானபுரத்திலிருந்தே தொடங்கினார்.

ஆகவே, நண்பர்களே, இப்பருவத்தின் முதற் கட்டுரையை எழுதுமுன் ஒன்று செய்யுங்கள். தலைப்பைப் படித்தவுடன் வழிகாட்டி நூலைத் தேடாதீர்கள். உங்கள் வீட்டில், தெருவில், வயலில் அதைப் பற்றி நன்கு அறிந்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவரிடம் சென்று கேளுங்கள். கேட்டதையும் கண்டதையும் முதலில் எழுதிவிடுங்கள். பிறகு முன்னுரையும் முடிவுரையும் வகுக்கலாம். சந்திப் பிழையும் திருத்தலாம். இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு செய்தி இருந்தால்தான் இலக்கணத்துக்கும் வேலை உண்டு.

அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அவள் ஏட்டில் நான் இட்ட சிவப்புக் கோட்டை இனி அழிக்க இயலாது. ஆதலால் ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளிலும் இக்கதையை என் வகுப்பில் சொல்லி வந்தேன். இன்று உங்களுக்கும் சொன்னேன். உங்கள் ஊர் மழையைப் பற்றி உங்கள் ஆசிரியர் அறியாதிருக்கலாம். அவருக்கும் விளங்கும்படி எழுதுங்கள்.