மார்கரெட் கசின்ஸ் விட்டுச் சென்ற வேலை



இந்தப் பட்டமளிப்பு விழா நிறைவில் எழுந்து நின்று நாட்டுப்பண் பாடப்போகிறோம். 1919இல் மதனப்பள்ளிக்கு வந்திருந்த தாகூர் அந்தப் பாடலைப் பாடியபோது, அதற்கு இசைக்குறிப்பு எழுதியவர் மார்கரெட் கசின்ஸ் என்ற அயர்லாந்துப் பெண்மணி. இந்தியப் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்தில் வடித்துக் கொடுத்தவரும் அவரே.

1902இல் அயர்லாந்தின் ராயல் பல்கலைக்கழகத்தில் இசையில் பட்டம் பெற்றார். பட்டம் கையில் இருந்தும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க அவருக்கு உரிமை இல்லை; எழுத்தறியாத ஆண்கள் பலருக்கும் அந்த உரிமை இருந்தது. 1908இல் டப்ளினில் தோழியரோடு சேர்ந்து பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். லண்டனில் கல்லெறிந்து கண்ணாடி உடைத்து ஹாலோவே சிறைக்குப் போனார். 1913இல் டப்ளின் கோட்டையின் சன்னல்களை உடைத்து டல்லமூர் சிறைக்குப் போனார். அரசியல் கைதியாக நடத்தச் சொல்லி அங்கே உண்ணாவிரதம் இருந்தார்.

1915இல் கணவர் ஜேம்ஸுடன் இந்தியா வந்தார். 1917 மே மாதம் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்ட் தலைவர். கசின்ஸ் செயலாளர்களுள் ஒருவர். அந்த ஆண்டு பிரிட்டனின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வருகிறார் என்று தெரிந்ததும், பெண் கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டு எழுதினார் கசின்ஸ். அரசியல் கோரிக்கையோடு வருகிறவர்களை மட்டுமே சந்திப்பதாகப் பதில் வந்தது. வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். அவர் மனுவைத் திருத்தி எழுதினார். இனி வரப்போகும் தேர்தல்களில் ஆண்களுக்குத் தரும் வாக்குரிமையைப் பெண்களுக்கும் தர வேண்டும் என்ற வரி அதில் ஏறியது. டிசம்பரில் பெண்களின் தூதுக்குழு மாண்டேகுவைச் சந்தித்தது.

நண்பர்களே, அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பேசியவர் சரோஜினி நாயுடு. மனுவை எழுதியவர், போராட்ட அனுபவம் மிகுந்தவர், சிறை கண்டவர் தலைமை இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மண்ணின் பெண்கள் தங்கள் குரலில் கேட்க வேண்டியதை அவர்களே கேட்கட்டும் என்ற தெளிவு அவரிடம் இருந்தது. 1926இல் பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்றானபோதும் இதைத்தான் செய்தார். மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாயைப் போட்டியிட வற்புறுத்தினார், பிரச்சாரத்துக்கும் உழைத்தார். கமலாதேவி சொற்ப வாக்குகளில் தோற்றார். ஆனால் ஒரு பெண் வேட்பாளராக நிற்க முடியும் என்பதை நாடு கண்டுகொண்டது. அடுத்த ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்து, அதன் துணைத் தலைவரும் ஆனார்.

ஆனால் 1917இல் மாண்டேகுவைச் சந்தித்தவுடனே கதவு திறந்துவிடவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று, வாக்குரிமை பற்றி ஆராய அமைக்கப்பட்ட சவுத்பரோ குழு கைவிரித்தது. முடிவெடுக்கும் பொறுப்பு மாகாணங்களிடம் விடப்பட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக, 1921இல், சென்னை அந்த உரிமையை வழங்கியது. அதிலும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கே வாக்கு என்பதால் மிகச் சில பெண்களே பயன்பெற்றார்கள். கசின்ஸ் ஓயவில்லை. 1932இல் பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர்ச் சிறைக்கும் போனார்.

வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்று 1950இல் அரசமைப்புச் சட்டம் சொன்னது. அதோடு வேலை முடிந்ததா? முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரிக்கப் போனபோது, லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்யச் சொன்னார்கள். தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. சட்டம் கொடுத்த உரிமை, சொந்தப் பெயரை வெளியாரிடம் சொல்லும் வழக்கம் இல்லாததால் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

உரிமையை வென்றெடுப்பது பாதி வேலை. அதை ஒவ்வொருவரின் வாசலிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் படித்தவர்கள்தான் செய்ய வேண்டும். இன்று பட்டம் வாங்கும் உங்களை அந்த வேலைக்கு அழைக்கிறேன்.

உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6 நிரப்பிக் கொடுங்கள். பிறகு உங்கள் தெருவில் வீட்டுவேலை செய்யும் அக்காவிடம், ஊர் மாறி வந்து கட்டட வேலை பார்க்கும் பெண்ணிடம், திருமணமாகிப் புகுந்த வீடு போன தோழியிடம் கேளுங்கள். விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். யாருக்கு வாக்களிப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நாளை நீங்கள் அமரும் அலுவலகத்திலும் கூட்டத்திலும், பேச வேண்டியவர் பேசாமல் இருந்தால் அவருக்கு இடம் விட்டு நில்லுங்கள்.

உங்கள் பட்டம் உங்களை உயர்த்தட்டும். அது இன்னும் நாலு பேரையாவது முன்வரிசைக்குக் கொண்டுவரட்டும். வாழ்த்துகள்.