டி-ஷர்ட்டில் மாங்காய் போடும் முன்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுத்தில்.)



பொங்கல் விழாவுக்கு நம் குடியிருப்பில் எல்லோரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போடலாம் என்று இளைஞர் குழு சொன்னது, நிர்வாகக் குழுவும் சம்மதித்துவிட்டது. 'நம்ம ஊர் பாரம்பரியம்' என்பது தலைப்பு. வாட்ஸ்அப் குழுவில் இதுவரை ஆறு டிசைன் வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பி.காம். படித்துவிட்டு பேங்கில் லெட்ஜர் எழுதியவனுக்கும் டிசைனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு வரவு யார் கணக்கில் ஏற வேண்டும், யார் கணக்கில் ஏறுகிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. அதையே இங்கேயும் பார்த்தேன்.

ஆறு டிசைனில் நான்கில் மாங்காய் இருக்கிறது. நல்ல விஷயம்தான். எங்கிருந்து எடுத்தாய் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டேன். "நெட்ல பெய்ஸ்லின்னு போட்டுத் தேடினேன் அங்கிள்" என்றான். பெய்ஸ்லி என்றால் என்ன என்று கேட்டேன். "அந்த டிசைனோட பேரு அது."

இல்லை. பெய்ஸ்லி ஓர் ஊரின் பெயர். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஐயம்பேட்டை மாதிரி அதுவும் நெசவாளர் ஊர். மாங்காய் உருவம் பாரசீகத்திலும் காஷ்மீரிலும் பிறந்தது. காஷ்மீர் சால்வைகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. ஒரு நல்ல சால்வை நெய்ய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும், விலையும் அதற்கேற்ப. அதைப் பார்த்து அங்கேயே மலிவாக நெய்து விற்கலாம் என்று 1800-களின் தொடக்கத்தில் சில ஊர்க்காரர்கள் இறங்கினார்கள். அதில் பெரிய அளவில் ஜெயித்தது பெய்ஸ்லி. ஜக்கார்டு தறி வந்த பிறகு வேகம் இன்னும் கூடியது. சால்வை மோகம் 1870-களில் ஓய்ந்துவிட்டது. ஆனால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் அந்த உருவத்துக்கு பெய்ஸ்லி என்றுதான் பெயர். நெய்து கொடுத்த காஷ்மீரிக்கு அந்தப் பெயரில் பங்கில்லை. நம் பிள்ளை, பாட்டியின் கல்யாணப் புடவையில் இருக்கிற மாங்காயை ஸ்காட்லாந்து ஊர்ப் பெயரில் தேடி எடுக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மாங்காய் என்று தமிழில் தேடினால் ஊறுகாய் வருகிறது.

ஸ்காட்லாந்து நமக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பள்ளி இருக்கிறதே, அந்தப் பெயருக்குரிய ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1837-ல் அவர் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது.

பெய்ஸ்லியில் அடுத்தவர் சரக்குக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே நாடு, சொந்தச் சரக்கை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அவர்களுடைய கட்டம் போட்ட துணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டார்ட்டன் என்று பெயர். 1746-ல் பிரிட்டிஷ் அரசு மலைநாட்டு ஆண்கள் அந்த உடையை அணியக் கூடாது என்று சட்டம் போட்டது. 1782-ல்தான் அது நீங்கியது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வரவேற்பு ஏற்பாடுகளைச் செய்தார். அதிலிருந்து டார்ட்டன் பெரிய ஃபேஷன். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் என்று எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். தேடினால் யாராவது கொடுக்கத்தானே செய்வார்கள்? 1842-ல் இரண்டு சகோதரர்கள், பழைய சுவடியில் இருந்தது என்று சொல்லி ஒரு புத்தகமே போட்டார்கள். அது போலி என்று பிற்பாடு தெரிந்தது. அதில் வந்த கட்டங்களை இன்றும் அணிகிறார்கள், அது வேறு விஷயம்.

அவ்வளவு குழப்பத்துக்குப் பிறகு அவர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. 2008-ல் ஒரு சட்டம் இயற்றி, 2009 முதல் அரசே டார்ட்டன் பதிவேடு வைத்திருக்கிறது. எந்த நிறத்தில் எத்தனை நூல், என்ன பெயர், யார் பதிந்தது, எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே ஒருவர் டி-ஷர்ட்டில் ஒரு கட்டத்தையோ, நெருஞ்சி மாதிரி முள் உள்ள அவர்களுடைய தேசியப் பூவையோ போட்டால், அது எதைச் சேர்ந்தது என்று வாங்குகிறவன் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். ஒரு பேங்க்காரனுக்கு இதைவிட அழகான டிசைன் கிடையாது.

நம்மிடம் என்ன இருக்கிறது? காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சேலைக்கான பாதுகாப்பு. கரையில் இருக்கிற ஒவ்வொரு உருவத்துக்கும் பெயர் எழுதி வைத்த ஏடு நெசவாளரின் தலைக்குள்தான் இருக்கிறது. மயில்கண், ருத்ராட்சம், வைரஊசி, தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, யாளி, அன்னப்பட்சி, இருதலைப்பட்சி. இந்தக் கூட்டத்தில் இருக்கிற பெண்மணிகள் பாதிப் பெயராவது சொல்லிவிடுவீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு? நான் பேங்க் கவுன்ட்டரில் இருந்த காலத்தில் நகைக்கடன் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'நெசவு' என்று எழுதாத நாளே இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது விடியற்காலையில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., தப்பே இல்லை. ஆனால் தறியை விட்டு ஒருவர் எழும்போது நாலைந்து பெயர்களும் அவரோடு எழுந்து போகின்றன.

இப்போது டிசைனுக்கு வருகிறேன். நெட்டில் வரும் மாங்காய்க்கும் நம் கரையில் இருக்கும் மாங்காய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டுக்குப் போய் ஒரு பழைய பட்டுப் புடவையை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். வளைவு வளைவாக இருக்காது, படிப்படியாக இருக்கும். ஏன் என்றால், டிசைனை முதலில் கட்டம் போட்ட கிராப் தாளில் வரைகிறார்கள். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கிற ஓர் இடம். சரிகை மேலே தெரியும் அல்லது தெரியாது, நடுவில் எதுவும் கிடையாது. அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். அன்னத்தின் கழுத்து, யாளியின் துதிக்கை எல்லாமே குட்டிக் குட்டிப் படிக்கட்டுகள். கம்ப்யூட்டரில் அதை வழுவழுவென்று ஆக்கினால் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அது தறியில் வந்த உருவமாக இருக்காது. அந்தப் படிகளை அப்படியே விடுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். தூரத்திலிருந்து பார்த்தால் அன்னம், கிட்டே வந்தால் நெசவு. டி-ஷர்ட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக, மூன்று நாடா போட்டு நெய்து கோப்பது. சேருகிற இடத்தில் கோபுரம் கோபுரமாகப் பல் தெரியும். மார்பில் பெரிய படம் போடுவதற்குப் பதில் கை ஓரத்தில் இந்தக் கோபுரப் பல்லை மட்டும் ஓட்டினால் போதும் என்பது என் அபிப்பிராயம். பணமும் மிச்சமாகும். ஸ்கிரீன் பிரிண்டில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நூறு சட்டை அடித்தாலும் பத்து சட்டை அடித்தாலும் ஸ்கிரீன் செலவு ஒன்றுதான். எங்கள் பாஷையில் நிலைச்செலவு. கறுப்பு, அரக்கு மாதிரி அடர்த்தியான துணி என்றால் அடியில் வெள்ளை வேறு ஒரு பூச்சு போட வேண்டும். ஒன்பது நிறத்தில் ஒரு மயில் வந்திருக்கிறது, பிரமாதம், ஆனால் நம் பட்ஜெட் தாங்காது. அரக்குத் துணி, மஞ்சள் ஒரே நிறம் என்று வைத்தால் கணக்கு சரிவரும்.

ஆறாவது டிசைனில் அம்மன் படம் இருக்கிறது. வாஷிங் மெஷினில் மற்ற துணியோடு சுற்றும், சாப்பிட்ட கையைத் துடைப்போம். வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதில் எனக்கும் சம்மதம்.

வாசகம் பற்றி ஒரு வார்த்தை. 2020 செப்டம்பரில் சினிமாக்காரர்கள் சிலர் 'ஹிந்தி தெரியாது போடா' என்று எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அரசியலுக்குள் நான் போகவில்லை. அதில் படமே கிடையாது, எழுத்து மட்டும்தான், நாடு முழுக்கப் பேசியது. எனவே உருவத்துக்குக் கீழே அதன் பெயரைத் தமிழில் போடச் சொல்கிறேன். 'மயில்கண்' என்று இரண்டு விரல் அகலத்தில் இருந்தால் போதும். 'காஞ்சிபுரம் பட்டு' என்று மட்டும் போடாதீர்கள். அது பட்டுக்குப் பதிவான பெயர், பருத்தி பனியனுக்குப் பொருந்தாது. 'இரண்டாயிரம் ஆண்டு பழமை' என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்திலிருந்துதான் இந்த மாங்காய் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இருந்தால் போடலாம். அந்த 1842 சகோதரர்கள் வேலையை நாம் செய்ய வேண்டாம்.

கடைசியாக வரவு செலவு. சட்டைக்கு என்ன விலை வைத்தாலும் அதில் ஒரு தொகையை டிசைன் கட்டணம் என்று தனித் தலைப்பில் எழுதி, உருவத்தைக் கொடுக்கிற தறிக்காரரிடம் ரசீதோடு கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். பழைய உருவம், யாருக்கும் சொந்தமில்லை, எதற்குப் பணம் என்று ஒரு நண்பர் கேட்டார். சட்டப்படி அவர் சொல்வது சரியாக இருக்கலாம். புதிய டிசைனைப் பதிவு செய்தால் டிசைன் சட்டம் 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5 வருஷம் பாதுகாக்கிறது. பாட்டன் காலத்து மயில்கண்ணுக்கு அது கிடையாது. ஆனால் கிராப் தாளை எடுத்து வைத்து, பெயர் சொல்லி, இது இப்படி வராது என்று திருத்திக் கொடுக்கிற அவருடைய அரை நாள் யாருக்குச் சொந்தம்? பிளம்பர் வந்து பார்த்துவிட்டுப் போனாலே விசிட்டிங் சார்ஜ் கொடுக்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு இளைஞர் குழுவிலிருந்து நான்கு பேரை ஐயம்பேட்டைத் தெருவில் ஒரு தறி வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். அவரிடம் பேசிவிட்டேன். வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் பழைய புடவையின் கரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள், பெயர் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அளவு விவரத்தை மாத இறுதிக்குள் செக்யூரிட்டி அறையில் உள்ள நோட்டில் எழுதிவிடுங்கள். சென்ற முறை தொப்பி விஷயத்தில் நடந்ததுபோல் கடைசி நாளில் மாற்றச் சொன்னால் பொருளாளர் கோபித்துக்கொள்வார்.