மிச்சத் துணியில் ஒரு கிறிஸ்துமஸ்

தைக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒரு துணிப்பை இருக்கும். பாவாடை தைத்தது போக மிஞ்சியது, நைந்த சட்டையில் நன்றாக இருந்த முதுகுப்பக்கம், எறிய மனம் வராத துண்டுகள் எல்லாம் அதில் சேரும். அமெரிக்காவில் தையல் குழுப் பெண்கள் அந்தப் பைகளை ஒன்றாகக் கொட்டிக் கிறிஸ்துமஸுக்கு ஒரு போர்வை தைக்கிறார்கள். அதைக் குயில்ட் என்கிறார்கள்.

குயில்ட் மூன்று அடுக்கு: மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் முழுத்துணி. மேல்துணியை அந்தக் காலத்தில் அவரவர் வீட்டிலேயே இணைத்து வைப்பார்கள். மூன்றையும் சேர்த்துத் தைக்கும் நாளில்தான் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அழைப்புப் போகும். போர்வையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றிலும் அமர்ந்து, பேசிக்கொண்டே ஓட்டுத்தையல் போடுவார்கள்.

பண்டிகைக்கு ஏற்ற வடிவம் 'லாக் கேபின்', அதாவது மரக்கட்டை வீடு. 1860களில் பரவிய வடிவம் இது. நடுவில் சிறிய சிவப்புச் சதுரம். வீட்டு அடுப்பின் கனல் அது என்பார்கள். அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை வைத்துத் தைக்க வேண்டும். இரண்டு பக்கம் வெளிர்நிறம், இரண்டு பக்கம் அடர்நிறம். வெளிர்நிறத்துக்குச் சந்தன நிறமும் அடர்நிறத்துக்குப் பச்சையும் எடுத்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

பத்துப் பேர் ஆளுக்கு இப்படி இரண்டு கட்டம் தைத்தால் இருபது. ஒவ்வொன்றும் 12 அங்குலம். வரிசைக்கு நான்காக ஐந்து வரிசை வைத்தால் 48க்கு 60 அங்குலத்தில் ஒரு போர்வை.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். சிவப்புத் துணியை முதலில் அலசிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பிறகு போனால் பக்கத்துத் துண்டும் கெடும். தையலுக்கு எல்லோரும் ஒரே மாதிரி கால் அங்குலம் விடுங்கள். ஒருவர் நூலிழை அளவு கூடுதலாக விட்டாலும், பட்டைக்குப் பட்டை அது சேர்ந்து அவருடைய கட்டம் சிறுத்துவிடும்.

எல்லாம் முடிந்து ஓரத்தில் பட்டி வைத்த பிறகு, இன்னும் ஒரு வேலை உண்டு. அடிப்பக்க மூலையில் தைத்தவர்கள் பெயரையும் ஆண்டையும் தைத்துவிடுங்கள். அருங்காட்சியகங்களில் இருக்கும் எத்தனையோ பழைய குயில்ட்களுக்கு, தைத்தவர் யாரென்றே தெரியாது.

பெயர் நிலைத்த குயில்ட்களும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஆற்றோரச் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் வயலில் உழைத்துத் தேய்ந்த ஜீன்ஸ் துணியைக் கிழித்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் அவை தொங்கின, தைத்தவர்களின் பெயரோடு. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றில் பத்தைத் தபால்தலைகளாக வெளியிட்டது.

நாம் பத்துப் பேர் சேர்ந்து தைக்கும் போர்வை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம். ஒரு குழந்தை அதைப் போர்த்திக்கொண்டு, மூலையைத் திருப்பி, எழுத்துக்கூட்டிப் பத்துப் பெயரையும் வாசித்தால் போதும்.