பழைய நண்பர்களுக்கு ரீட்-ஒன்லி அனுமதி: பெர்சோனா க்யூ

இன்னைக்கு பேசப் போறது ஒரு பழைய ஹேண்ட்ஹெல்ட் கேம் பத்தி. பேரு ‘பெர்சோனா க்யூ: ஷேடோ ஆஃப் தி லேபிரிந்த்’. அட்லஸ் கம்பெனி 2014-ல நின்டெண்டோ 3டிஎஸ்-க்கு வெளியிட்டது. முதல்லயே சொல்லிடறேன், பெர்சோனா 3, க்யூ ரெண்டோட முடிவும் இந்த எபிசோட்ல வரும். விளையாடற ஐடியா இருந்தா இங்கயே பாஸ் பண்ணிட்டு, முடிச்சுட்டு வாங்க. எபிசோட் எங்கயும் ஓடிடாது.

பெர்சோனா தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜப்பான்ல ஹைஸ்கூல் படிக்கிற பசங்க. பகல்ல கிளாஸ், நண்பர்கள், பரீட்சை. மிச்ச நேரத்துல ஷேடோ என்கிற ஜந்துக்களோட சண்டை. மூணாம் பாகம் 2006-லயும் நாலாம் பாகம் 2008-லயும் பிளேஸ்டேஷன் 2-ல வந்தது. ரெண்டுலயும் ஆட்கள் வேற, ஊர் வேற. மூணாவது கதை 2009-ல ஒரு கடலோர நகரத்துல ஆரம்பிக்குது, நாலாவது 2011-ல இனாபான்னு ஒரு சின்ன ஊர்ல. ஒவ்வொண்ணையும் முடிக்க அறுபது, எழுபது மணி நேரமாவது ஆகும். அதனால அந்தப் பசங்க நமக்கு காலேஜ் ஹாஸ்டல் ரூம்மேட் மாதிரி ஆயிடுவாங்க. யாருக்கு எது பிடிக்கும், யார் எதுக்கு அழுவாங்கன்னு எல்லாமே தெரியும்.

க்யூ இந்த ரெண்டு கும்பலையும் ஒரே இடத்துல அடைச்சு வைக்குது. நாலாம் பாகத்துப் பசங்களோட ஸ்கூல்ல கலாச்சார விழா நடக்குது. திடீர்னு அவங்க அந்த ஸ்கூலோட ஏதோ ஒரு நகலுக்குள்ள மாட்டிக்கிறாங்க. வெளியே போக வழியே இல்லை. மூணாம் பாகத்து ஆட்களும் அங்க வந்து சேர்றாங்க. சண்டை போட ஒரு பக்கம் 9 பேர், இன்னொரு பக்கம் 7 பேர். வழிகாட்ட ஃபூகாவும் ரிசேவும். ஆரம்பத்துலயே யாரோட பக்கத்துலேர்ந்து கதையைப் பார்க்கணும்னு கேம் நம்மகிட்ட கேட்கும். நான் நாலாம் பாகத்துப் பக்கம் எடுத்தேன். வாங்கினது செகண்ட் ஹேண்ட் 3டிஎஸ். ஆபீஸ் கேப்ல போகும்போதும் வரும்போதும்தான் முழுக்க விளையாடினேன்.

இந்த மாதிரி எல்லாரும் ஒண்ணு சேர்ற கேம் மேல எனக்கு ஒரு பழைய சந்தேகம் உண்டு. நம்ம வேலை பாஷையில சொன்னா, இவங்க கேரக்டர்களைத் தொடறது ரீட்-ஒன்லி அனுமதியோடதான். எடுத்துக் காட்டலாம், பேச வைக்கலாம், ஆனா எதையும் மாத்தி சேவ் பண்ண முடியாது. ஏன்னா மூல கதை ஏற்கனவே எழுதி, ரிலீஸ் ஆகி, ஜனங்க ரெண்டு மூணு தடவை முடிச்சும் ஆச்சு. க்யூவுக்குள்ள யாராவது ஒருத்தர் வளர்ந்துட்டா, புதுசா ஒரு உண்மை தெரிஞ்சுக்கிட்டா, மூல கதை உடைஞ்சிடும்.

அப்போ என்ன ஆகும்? ஆள் வளர முடியலைன்னா, அவனோட ஒரே ஒரு குணம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். அகிஹிக்கோவை எடுத்துக்கோங்க. மூணாம் பாகத்துல அவன் ஒரு பாக்ஸர். சின்ன வயசுல அநாதை இல்லத்துல நடந்த தீ விபத்துல தங்கச்சியைப் பறிகொடுத்தவன். அவனோட உடற்பயிற்சி வெறிக்குப் பின்னாடி அந்த வலி இருக்கு. க்யூவுல அவன் வாயைத் திறந்தா புரோட்டீன்தான். சியேன்னா கறி. முதல் ரெண்டு தடவை சிரிச்சேன். இருபதாவது தடவை, ஜிம் சேர்ந்த புதுசுல நம்ம டீம்ல ஒருத்தன் லஞ்ச் டேபிள்ல பேசுவானே, அந்த ஃபீலிங்.

ஆனா இதே ரீட்-ஒன்லி விஷயம் ஒரு இடத்துல வேற மாதிரி வேலை செய்யுது. ஷின்ஜிரோன்னு ஒருத்தன். அகிஹிக்கோவோட அநாதை இல்ல நண்பன். மூணாம் பாகத்துல 2009 அக்டோபர் 4-ஆம் தேதி இறந்துடுவான். நம்ம டீம்ல அவன் இருக்கறது கொஞ்ச நாள்தான், அவனைப் பழகறதுக்குள்ள போயிடுவான். க்யூ அந்தப் பசங்களை அதுக்கு முன்னாடி இருக்கற கொஞ்ச நாள்லேர்ந்து எடுத்துட்டு வருது. அதனால ஷின்ஜிரோ உயிரோட இருக்கான், நம்ம பார்ட்டியில கோடாலியோட நிக்கிறான். கடைசி பாஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போகலாம். நான் போனேன். அவனைவிட நல்ல செட்டப் இருந்தும் அவனை மட்டும் மாத்தவே இல்லை. அவனுக்கு என்ன நடக்கப் போகுதுன்னு கேம்ல ஒருத்தருக்கும் தெரியாது, வெளியே உட்கார்ந்திருக்கற நமக்குத் தெரியும். சாதாரணமா அவன் ஏதாவது முணுமுணுத்தாக்கூட கேப் ஜன்னல் பக்கம் திரும்பிக்க வேண்டி இருந்தது.

கேம்ப்ளே பத்தியும் சொல்லணும். இது பெர்சோனா மாதிரி தெரிஞ்சாலும் எலும்புக்கூடு அட்லஸோட இன்னொரு சீரிஸான எட்ரியன் ஒடிஸியோடது. அது 2007-ல நின்டெண்டோ டிஎஸ்-ல ஆரம்பிச்சது. மேல் ஸ்கிரீன்ல பாதாளக் குகை நம்ம கண் பார்வையில தெரியும். கீழ் ஸ்கிரீன்ல கட்டம் போட்ட காகிதம் மாதிரி ஒரு மேப். சுவர், கதவு, பொறி எல்லாத்தையும் ஸ்டைலஸால நாமளே குறிக்கணும். எஃப்ஓஇன்னு பெரிய எதிரிங்க சுத்திட்டு இருப்பாங்க. நாம ஒரு அடி வச்சா அவங்களும் நகருவாங்க. ஆரம்பத்துல மோதினா டீமே காலி. அதனால எந்த மூலையில திரும்புறாங்கன்னு எண்ணி, கோடு போட்டு, நழுவிப் போகணும். கிட்டத்தட்ட டீபக்கிங்தான்.

எனக்கு இந்த மேப் வரையற வேலை ரொம்பப் பிடிச்சுது. பசங்க யாரும் மாற மாட்டாங்க, ஆனா அந்த மேப் என்னோடது. ஒரு இடத்துல பூ மாதிரி ஐகான் வச்சிருப்பேன், எதுக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மூல கேம்கள்ல ஹீரோ மட்டும்தான் பெர்சோனா மாத்த முடியும். இங்க எல்லாரும் சப்-பெர்சோனான்னு கூடுதலா ஒண்ணை மாட்டிக்கலாம். அது தர்ற எக்ஸ்ட்ரா சக்தி ஒவ்வொரு சண்டைக்கும் புதுசா நிரம்பிடும். அதனால சின்ன சண்டைக்கெல்லாம் கஞ்சத்தனம் பண்ண வேண்டியதில்லை.

இப்போ கதையோட மையத்துக்கு வர்றேன். அங்க ஜென், ரேன்னு ரெண்டு பேர் ஏற்கனவே இருக்காங்க, நினைவு இழந்தவங்க. ரே எப்பவும் ஏதாவது தின்னுக்கிட்டே இருப்பா. ஜென் அவளை விட்டு நகரவே மாட்டான். இவங்க ரெண்டு பேரும் இந்த கேமுக்காகவே எழுதினவங்க. அதாவது, இவங்க மேல மட்டும் எழுத்தாளர்களுக்கு ரைட் அனுமதி இருக்கு. அது நல்லாவே தெரியுது. ரேயோட உண்மையான பேரு நிக்கோ. 12 வருஷத்துக்கு முன்னாடியே நோயில இறந்துபோன பொண்ணு. தன் வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லைன்னு நினைச்சவ. ஜென் அவ உயிரை எடுத்துட்டுப் போக வந்தவன், எடுக்க மனசு வராம அவளுக்காக அந்த இடத்தையே உண்டாக்கினவன். அந்த இடம் ஏன் ஸ்கூல் விழா மாதிரி இருக்கு, அவ ஏன் ஓயாம சாப்பிடறான்னு அதுக்கப்புறம் யோசிச்சா தொண்டை அடைக்குது.

கடைசியில எல்லாரும் அவங்கவங்க காலத்துக்குத் திரும்பறாங்க, நடந்தது எல்லாம் மறந்துடுது. பல பேர் இதை ஏமாத்து வேலைன்னு சொல்றாங்க. மூல கதையைக் காப்பாத்த வேற வழியில்லாம போட்ட ரீசெட் பட்டன்னு. அது உண்மைதான், நானும் ஒத்துக்கறேன். ஆனா நிக்கோவோட கதையே, சீக்கிரம் முடிஞ்சுபோன ஒரு வாழ்க்கை வீணான்னு கேட்கற கதை. அதைக் கேட்டுட்டு, அடுத்த நிமிஷம் 18 பேரும் அவளை மறக்கறாங்க. ஷின்ஜிரோவும் மறந்துட்டு அந்த அக்டோபருக்குத் திரும்பறான். கட்டாயத்துக்குப் போட்ட பட்டன் சரியான இடத்துல விழுந்திருக்கு. 80 மணி நேரத்துல எனக்குப் பிடிச்ச காட்சி அதுதான்.

வாங்கணும்னா ஒரு சிக்கல். 3டிஎஸ்-ஓட ஆன்லைன் கடையை 2023 மார்ச்ல மூடிட்டாங்க. இப்போ பழைய கார்ட்ரிட்ஜ்தான் வழி. வேற மெஷினுக்குக் கொண்டுவர்றதும் லேசுப்பட்ட வேலை இல்லை, ரெண்டு ஸ்கிரீனை நம்பிக் கட்டின கேம் இது. எட்ரியன் ஒடிஸியோட முதல் மூணு பாகம் 2023-ல ஸ்விட்சுக்கும் பிசிக்கும் வந்தப்போ, ஒரே ஸ்கிரீனை ரெண்டாப் பிரிச்சு சமாளிச்சாங்க. அதனால முடியாதுன்னு இல்லை.

இதோட ரெண்டாம் பாகம், க்யூ2, ஜப்பான்ல 2018-ல வந்தது. அஞ்சாம் பாகத்து ஆட்களும் சேர்றாங்க. கூடவே மூணாம் பாகத்தோட பிஎஸ்பி வெர்ஷன்ல மட்டும் வந்த பெண் ஹீரோவும். அவ தன்னோட டீமைப் பார்க்கறா, அவங்க யாருக்கும் அவளைத் தெரியலை. அவளுக்குன்னு தனியா ஒரு எபிசோட் போடணும், அடுத்த வாரம் போடறேன்.